வினையடையின் இடமும் பொருளும்



முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் காலபோக நெற்செய்கை பண்ணும் கமக்காரர் ஒருவர், வங்கியிற் கடன் பெற்றார் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளம் பயிரின் ஒரு பகுதியைக் கொண்டுபோயிற்று. ஆகவே அவர் கடனின் முக்காற்பங்கை மட்டும் திருப்பிச் செலுத்தினார். இதனை ஆங்கிலத்தில் எழுத வந்த ஒருவர், 'ஹி ஃபெயில்ட் டு கம்ப்ளீட்லி ரீபே த லோன்' என எழுதினால், அவர் கடனை முற்றாகச் செலுத்தவில்லை, சிறிது மிச்சமுண்டு என்பது பொருள். 'ஹி கம்ப்ளீட்லி ஃபெயில்ட் டு ரீபே த லோன்' என எழுதிவிட்டாலோ, அவர் ஒரு சதமேனும் செலுத்தவில்லை என்றே வாசிப்போர் கொள்வர். சொற்கள் அனைத்தும் அவையே. ஒரு சொல் மாத்திரம் இடம் பெயர்ந்தது. அதனுடன் ஒரு மனிதரின் நாணயமும் பெயர்ந்துவிட்டது.

'கம்ப்ளீட்லி' போன்று வினையின் தன்மையை உணர்த்தும் சொல்லை நாம் வினையடை என்போம். அது ஆங்கில வாக்கியத்தில் வினையோடும், 'செய்ய', 'படிக்க' என்பன போன்ற வினையெச்சத்தோடும் எவ்வாறு சேர்கின்றது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

தமிழில் இது நமக்குத் தொல்லை தருவதில்லை. 'இரணைமடுவின் வான்கதவுகளை மெதுவாகத் திறந்தார்கள்' என்கிறோம். செயப்படுபொருள் முன்னே நிற்க, வினையடை வினையை ஒட்டி நிற்கிறது. வினை முடிவில் வருகிறது. ஆங்கிலத்தில் வினை முன்னே வந்து, செயப்படுபொருள் அதன் பின்னே வருகிறது. அவ்விரண்டும் மிக நெருங்கிய உறவினர்; இடையில் மூன்றாமவர் புகுவதைப் பெரும்பாலும் பொறுப்பதில்லை. எனவே 'தே ஸ்லோலி ஓப்பன்ட் த கேட்ஸ்' எனலாம். 'தே ஓப்பன்ட் த கேட்ஸ் ஸ்லோலி' எனவும் கூறலாம். வினையடை வினையை ஒட்டியே நிற்கவேண்டும் என்னும் தமிழ்ப் பழக்கத்தால், 'தே ஓப்பன்ட் ஸ்லோலி த கேட்ஸ்' என்று நம் மாணவர் எழுதுவதுண்டு. அது ஆங்கிலச் செவிக்கு ஒவ்வாது.

துணைவினை வருமிடத்தில் வேறொரு முறை உண்டு. அங்கே வினையடை, துணைவினைக்கும் முதல்வினைக்கும் நடுவில் இயல்பாக அமர்கிறது. 'அடிக்கடி' எனப் பொருள்படும் 'ஓஃபன்' என்னும் சொல்லைக் கொண்டு, 'வீ ஹாவ் ஓஃபன் சீன் இட்' என்பர். இவ்வியல்பைக் கலைத்தால் நேர்வதற்கு உலகறிந்த சான்றொன்று உண்டு. 2009ஆம் ஆண்டு ஜனவரி 20ஆந் திகதி, அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா பதவிப் பிரமாணம் செய்தபோது, உறுதிமொழியைச் சொல்லிக்கொடுத்த பிரதம நீதியரசர் ரொபர்ட்ஸ், துணைவினையின் பின் நிற்கவேண்டிய 'ஃபெய்த்ஃபுளி' என்னும் வினையடையை வாக்கியத்தின் ஈற்றுக்குத் தள்ளிவிட்டார். பொருள் கெடவில்லை, எனினும் ஐயத்துக்கு இடமின்றி இருக்கட்டும் என்று மறுநாள் உறுதிமொழி மீண்டும் எடுக்கப்பட்டது.

இனி வினையெச்சத்துக்கு வருவோம். தமிழில் 'படிக்க' என்பது ஒரே சொல். அதனைப் பிளக்க இயலாது. ஆங்கிலத்திலோ 'டு ரீட்' என இரு சொற்களாய் நிற்கிறது. ஆகவே 'டு கெயார்ஃபுளி ரீட்' என வினையடையை நடுவே வைக்கலாமா என்னும் வினா எழுந்தது. 14ஆம் நூற்றாண்டிலேயே அவ்வாறு எழுதினோர் உளர். 1864இல் ஹென்றி அல்போட் என்னும் பாதிரியார், இது வழக்குக்கு மாறானது என்று தம் நூலில் எழுதினார். பின்னர் பள்ளிக்கூடங்கள் அதனை ஒரு தடையாகவே கற்பித்தன. 1926இல் ஆங்கில வழக்கு அகராதியை வெளியிட்ட ஃபௌலர், பொருள் மயங்குவதையும் நடை செயற்கையாவதையும் விட வினையெச்சத்தைப் பிளப்பதே மேல் என்றார். இன்றைய இலக்கண நூலார் பெரும்பாலோர் அவர் பக்கமே நிற்கின்றனர்.

தமிழ் இலக்கணம் கற்றவருக்கு இது முற்றிலும் புதிய வழக்கன்று. எச்சத்துக்கும் அது கொண்டு முடியும் சொல்லுக்கும் இடையே வேறு சொற்கள் வரலாம் என்றும், ஆனால் பொருளுக்கு ஏற்றவையே வரவேண்டும் என்றும் பவணந்தி முனிவர் நன்னூலில் விதித்துள்ளார். இதனை இடைப்பிறவரல் என்பர். 'படிக்க நாளை வருவாள்' என்பதில் 'நாளை' இடையே வந்தும் பொருள் சிதையவில்லை. இடையில் வருவது குற்றமா என்று கேட்பதிலும், வருவது ஏற்கின்றதா என்று கேட்பதே தமிழ் மரபு. ஆங்கிலம் நெடுங்காலம் வாதாடி வந்து சேர்ந்த இடமும் ஏறக்குறைய அதுவே.

கமக்காரரின் கடனுக்கு மீள்வோம். பிளத்தல் ஆகாதென்று அஞ்சிய ஒருவர், 'ஹி ஃபெயில்ட் கம்ப்ளீட்லி டு ரீபே' எனத் திருத்தினால், அந்த வினையடை முன்னுள்ள 'ஃபெயில்ட்' என்பதோடு ஒட்டிக்கொள்ளும். விதி பிழைத்தது, உண்மை பிழைத்ததோ? இல்லை. பிளக்க விரும்பாதவர் வினையடையை ஈற்றில் வைத்து, 'ஹி ஃபெயில்ட் டு ரீபே த லோன் கம்ப்ளீட்லி' எனலாம். இங்கு பொருள் தெளிவே. ஆயின் செயப்படுபொருள் நீண்டதாயின், ஈற்றில் நிற்கும் வினையடை தன் வினையை விட்டு வெகுதூரம் போய்விடும். அப்போது பிளத்தலே தக்கது.

இவற்றையெல்லாம் நாம் ஏன் ஆராயவேண்டும்? கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. 2021இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. தமிழ்மொழி மூலம் பள்ளிக்கல்வி பெற்ற வன்னிப் பிள்ளைகள், அங்கே தம் ஆய்வறிக்கைகளை ஆங்கிலத்தில் எழுதவேண்டியவர்களாகின்றனர். குளக்கட்டு 'முற்றாகச் சோதிக்கப்படவில்லை' என்பதற்கும் 'சோதிக்கப்படவே இல்லை' என்பதற்கும் உள்ள வேற்றுமை, அணையின் கீழ் வாழ்வோருக்குச் சிறிய வேற்றுமையன்று.

ஆகவே மாணவர்கள் ஒன்றை நினைவிற் கொள்வார்களாக. வினையடையை எழுதுமுன், 'இது எந்த வினைக்கு உரியது?' என்று முதலில் தமிழிலே கேட்டுக்கொள்ளுங்கள். விடை கிடைத்ததும், வாசிப்பவர் அதனை வேறு வினையோடு சேர்க்க முடியாத இடத்தில் அதை வையுங்கள். அவ்விடம் 'டு' என்பதற்கும் வினைக்கும் நடுவாயினும் தயங்கவேண்டியதில்லை.