உழைக்கிற உடம்பிலும் ஈரலில் கொழுப்பு

காலையில் ரப்பர் பால் வெட்டுகிறவருக்கும், மலையேறிக் கொழுந்து பறிக்கிறவருக்கும் ஈரலில் கொழுப்பா? தெரணியகலைத் தோட்டத்து லயங்களில் யாரிடம் சொன்னாலும் நம்பக் கஷ்டம்தான்.

நுவரெலியா மாவட்டத்தின் இரண்டு தோட்டங்களில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு ஒன்று நம்பத்தான் சொல்கிறது. உடலுழைப்பும் குறைந்த வருமானமும் உள்ள அந்த மக்களில் 18 சதவீதம் பேருக்கு, மதுவோடு சம்பந்தப்படாத கொழுப்பு ஈரல் இருந்தது. நகர்ப்புறமான ராகமையில் எடுத்த கணக்கு ஏறத்தாழ 33 சதவீதம். தோட்டத்தில் குறைவுதான், ஆனாலும் ஐந்தில் ஒருவருக்குக் கிட்ட!

கொழுப்பு வர எண்ணெய்ப் பலகாரம்தான் வேண்டுமென்றில்லை. மிஞ்சிய மாவையும் சீனியையும் ஈரல் தானே கொழுப்பாக்கிவிடும். கோதுமை மா ரொட்டி, சீனி தூக்கலான தேத்தண்ணி என்று ஓடும் நாட்களில் அதற்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

ஈரலின் இந்தத் திறமையைப் புற்றுநோய் தன் தேவைக்கு எடுத்துக்கொள்கிறது. கட்டிகள் குளுக்கோஸிலிருந்து தாமே கொழுப்பமிலம் ஆக்குவதை 1953இலேயே மெடெஸ், தோமஸ், வைன்ஹவுஸ் என்ற மூவர் காட்டினார்கள். கலம் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் புதுச் சவ்வு வேண்டும். அந்தச் சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பு. தானே ஆக்கிய கொழுப்பில் நிறைவுற்ற வகையும் ஓரிடத்தில் மட்டும் நிறைவுறாத வகையும் அதிகம். பல இடத்தில் நிறைவுறாத வகை குறைவு. அந்தக் கடைசி வகைதான் ஒட்சிசனேற்றத்தில் சீக்கிரம் பழுதாகும். அது குறைந்த சவ்வை அழிப்பது கடினம். மருந்துக்கும் இது தலையிடி.

சவ்வின் உள்ளடுக்கில் இருக்க வேண்டிய பொஸ்பற்றிடைல்செரின் என்ற கொழுப்பு வெளியே தலைகாட்டுவதும் உண்டு. சாகும் கலம் 'என்னை அகற்று' என்று காட்டும் அடையாளம் அது. உயிரோடிருக்கும் புற்றுக் கலம் அதையே காட்டி நோயெதிர்ப்பை மந்தமாக்குகிறது. கெட்டிக்காரக் கள்ளன்! ஈரல் புற்றுக் கலத்தின் இழைமணிகளில் கொலஸ்ரோல் கூடிப்போவதால் மருந்து எடுபடாமல் போவதை 2008இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

கொழுப்பு ஈரல் உள்ள எல்லாருக்கும் புற்று வராது. ஈரல் சுருங்கி இறுகியவர்களுக்கே ஆபத்து கூட. சாராயம் சேர்ந்தால் இன்னும் மோசம். ஈரல் இறுகியவர்கள் ஆறு மாதத்துக்கொரு முறை ஸ்கேன் எடுக்க வேண்டும். அதற்காக அவிசாவளை பஸ் ஏறினால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை. நாட்சம்பளக்காரருக்கு இந்தக் கணக்கைத் தோட்ட நிர்வாகமும் சுகாதாரத் துறையும் சேர்ந்துதான் தீர்க்க வேண்டும்.