உங்களுக்குத் தெரியுமா? மூன்று தடவை தப்பாக அடித்தால் பூட்டு!

★ கணினிக் கடவுச்சொல்லுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட சிடிஎஸ்எஸ் அமைப்புக்காக, 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழு அதைக் கொண்டுவந்தது. 1962-ல் ஆலன் ஷெர் என்ற ஆய்வாளர், தனக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை என்று எல்லோருடைய கடவுச்சொல்லையும் அச்செடுத்துக்கொண்டார். ஒரு தடவைகூடத் தப்பாக அடிக்காமலே!

★ ஐஐடி மெட்ராஸுக்கு ஐபிஎம் 370/155 வந்தது 1973-ல். துளையிட்ட அட்டைகளில் நிரலைக் கொடுத்த காலம் அது. அவரவர் கீபோர்டு முன் உட்கார்ந்து உள்நுழையத் தொடங்கிய பிறகு, தப்பான முயற்சிகளை எண்ணுவது தனி வேலையாகிவிட்டது.

★ 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியது, அடையாறைத் தாண்டி தரமணி டைடல் பார்க்கில் இருக்கும் சி-டாக் கணினி ஆய்வு நிறுவனத்தின் சென்னை மையம். அதற்கு அடித்தளம் டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ். இன்றைய டெபியனில் தப்பு முயற்சிகளை எண்ணும் 'ஃபெயில்லாக்' கருவி உண்டு. ஆனால் அது தானாக வேலை செய்யாது, நிர்வாகிதான் இயக்கிவிட வேண்டும்.

★ ஃபெயில்லாக்கின் இயல்பு அமைப்பு இது: 15 நிமிடத்துக்குள் 3 தடவை தப்பாக அடித்தால், 10 நிமிடம் பூட்டு. நடுவில் சரியாக நுழைந்துவிட்டால் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். 'ரூட்' என்ற நிர்வாகிக் கணக்கை மட்டும் அது பூட்டாது. பூட்டிவிட்டால் திறந்துவிட ஆள் வேண்டுமே!

★ லினக்ஸின் பல பதிப்புகளில் 'லாஸ்ட்பி' என்று அடித்தால், தோற்றுப்போன முயற்சிகள் வரிசையாக வரும்: என்ன பெயர், எந்த ஐ.பி. முகவரியிலிருந்து, எத்தனை மணிக்கு. அவசரத்தில் பயனர் பெயர் இடத்தில் கடவுச்சொல்லை அடித்தவரின் ரகசியமும் அதிலேயே பதிவாகியிருக்கலாம். அதனால்தான் அந்தப் பதிவேட்டை எல்லோரும் படிக்க முடியாது.

★ 'அப்படி ஒரு பயனரே இல்லை' என்று நல்ல அமைப்பு சொல்லாது. பெயர் தப்பானாலும் கடவுச்சொல் தப்பானாலும் ஒரே பதில்தான். இல்லாவிட்டால் யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது என்பதைத் திருடன் முதலிலேயே பட்டியல் போட்டுவிடுவான்.

★ பூட்டே ஆயுதமாகவும் மாறும். தீபாவளி நேரத்து தி.நகர் ஜவுளிக்கடையை நினைத்துப் பாருங்கள். பில் போடுபவரின் பயனர் பெயர் தெரிந்தால் போதும், வேண்டுமென்றே மூன்று தடவை தப்பாக அடித்து அவரை வெளியே நிறுத்திவிடலாம். கவுன்டரில் கூட்டம் தேங்கும். நிரந்தரப் பூட்டைவிடப் பத்து நிமிடப் பூட்டு மேல் என்பது இதனால்தான்.

★ 'ஃபெயில்2பேன்' என்ற கருவி, ஆளை விட்டுவிட்டு ஐ.பி. முகவரியைத் தடுக்கும். இதிலும் ஒரு சங்கடம் உண்டு. மயிலாப்பூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் பத்துப் பேருக்கும் ஒரே பிராட்பேண்ட் என்றால், வெளியிலிருந்து பார்க்கும் சர்வருக்கு எல்லோரும் ஒரே முகவரிதான். ஒருவர் திரும்பத் திரும்பத் தப்பாக அடித்தால் பத்துப் பேரும் வெளியே!

★ மூன்று தடவை வரம்பு தெரிந்த திருடன், ஒரே கணக்கை நோண்ட மாட்டான். எல்லோரும் வைக்கிற ஒரு கடவுச்சொல்லை எடுத்துக்கொண்டு, நூறு கணக்குகளில் ஒவ்வொன்றிலும் ஒரு தடவை மட்டும் போட்டுப் பார்ப்பான். எந்தக் கணக்கும் பூட்டிக்கொள்ளாது. மொத்தப் பதிவையும் சேர்த்துப் பார்க்கிறவர் கண்ணில்தான் இது படும்.

★ சிஸ்டம் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், அத்துமீறல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று நிறுவனங்களுக்கு மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது 28 ஏப்ரல் 2022-ல்.

பதிவேடு இருந்தும் அதைத் திறந்து பார்க்க ஆளில்லை என்றால் எந்தப் பூட்டும் வீண். உங்கள் அலுவலகத்தில் அதைக் கடைசியாகப் பார்த்தது யார் என்று நாளைக்கே கேட்டுவிடுங்கள்.