செடிக்குள்ளே ஓர் அழுகின முட்டை!

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திங்கள், வெள்ளி இரண்டே நாள்தான் திறக்கும். ஊருக்கே தெரிந்த இந்த விஷயம் தெரியாமல் செவ்வாய்க்கிழமை போய் இறங்கிய அறிவாளி அடியேன்! பூட்டின கதவைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்துச் சின்ன வெங்காயக் காட்டு வரப்பில் உட்கார்ந்தேன். மத்தியான வெயிலில் தாளெல்லாம் துவண்டு கிடந்தது.

"பட்டுப்போச்சாண்ணே?"

"அதெல்லாம் இல்ல தம்பி. சாயங்காலம் நிமிர்ந்துக்கும்" என்றார் காட்டுக்காரர்.

இலையில் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் உண்டு. ஸ்கூலில் 'இலைத்துளை' என்று படித்து மறந்தோமே, அதேதான். கரியமில வாயு உள்ளே வருவது அந்த வழியாக. தண்ணீர் ஆவியாகி ஓடுவதும் அதே வழியாக! வேர் உறிஞ்சுவதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இப்படிப் போய்விடுகிறது. பி.காம். பாஷையில் சொன்னால், வரவுக்கும் செலவுக்கும் ஒரே கல்லா. மண் காய்ந்தால் சாத்தியே ஆகவேண்டும். சாத்தினால் சாப்பாடும் கட்!

'சாத்து' என்று உத்தரவு போடுவது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன். அந்த உத்தரவைச் சுமக்கும் பியூன்களில் ஒருத்தர் யார் தெரியுமோ? ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகின முட்டையில் நாறுமே, சாட்சாத் அதே வாயு! கந்தகம் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை உடைத்து, துளியூண்டு அளவில் செடியே இதைத் தயாரித்துக்கொள்கிறது.

2010-ல் அர்ஜென்டினாவில் கார்சியா-மாட்டா, லமாட்டினா இருவரும் இந்த வாயு பட்டால் வாசல் மூடுவதைக் காட்டினார்கள். அதே வருஷம் இங்கிலாந்தில் ஒரு கோஷ்டி, 'இல்லை, திறக்கிறது' என்றது. (விஞ்ஞானத்திலும் பட்டிமன்றம்!) 2014-ல் அர்ஜென்டினாக்காரர்களும் ஸ்பெயின்காரர்களும் சேர்ந்து, வாயு தயாரிக்கும் என்சைம் இல்லாத செடியைச் சோதித்தார்கள். ஹார்மோன் கத்தியும் வாசல் மூடவில்லை. பியூன் லீவு!

நான் அளந்ததைக் கேட்ட அண்ணன் கப்பென்று பிடித்துக்கொண்டார். "அப்ப அதை வாங்கி அடிச்சா ஒரு தண்ணி மிச்சமாகுமா?"

மானாவாரிக்காரர் கேட்கிற நியாயமான கேள்வி. பரிசோதனைச் சாலையில் சோடியம் ஹைட்ரோசல்ஃபைடை மிகமிக நீர்க்கக் கரைத்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள். காட்டில் தெளிக்கிற சமாசாரம் இல்லை. அளவு மீறினால் இதே வாயு, தண்ணீர் தேங்கின வயலில் நெல்லின் வேரைக் கறுக்க வைத்துவிடும். சாக்கடைக் குழியில் இறங்குகிறவர்களைச் சாகடிப்பதிலும் இதற்குப் பங்குண்டு.

"வேணாம்ண்ணே, ஆளையே கொல்லும்" என்றேன்.

"அப்ப அதுவே தயாரிச்சுக்கட்டும்" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருந்தேன். அஞ்சரை மணிக்குத் தாள் நிமிர்ந்தது.