முப்பட்டக முகத்தில் ஒளி அலைகள்

மேல்நிலை வகுப்பு மாணவர்களே, நிறமாலைமானியை நீங்கள் கையாண்டிருப்பீர்கள். இணையாக்கியிலிருந்து வரும் சோடிய ஒளியை முப்பட்டகத்தின் முகத்தில் படவைத்து, எதிரொளித்த பிம்பத்தைத் தொலைநோக்கியில் பிடித்துக் கோணத்தை அளந்து எழுதியதும் சோதனை முடிந்துவிடும். பிம்பத்தின் ஓரத்தில் வேறு ஏதேனும் தெரிந்தால், "அதை விடு, அளவைக் குறி" என்று சொல்லும் ஆசிரியர்களும் உண்டு.

சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. படித்துவந்த ஒரு மாணவர் அதை விடவில்லை. ஒளி முப்பட்டக முகத்தை ஏறத்தாழ உரசிக்கொண்டு படும்போது, பிம்பத்தின் இருபுறமும் ஒளியும் இருளுமாகப் பட்டைகளைக் கண்டார். இத்தகைய பட்டைகள் முன்பே தெரிந்தவைதாம். ஆனால் இங்கே ஒரு பக்கத்துப் பட்டைகள் அகன்றும் மறுபக்கத்தவை நெருங்கியும் இருந்தன. ஏன்? அளந்து, கணக்கிட்டு அவர் எழுதிய கட்டுரை 1906 நவம்பரில் லண்டனின் 'பிலாசபிகல் மாகசின்' இதழில் வெளியாயிற்று. அந்த மாணவர் சி. வி. இராமன், எங்கள் புதுக்கோட்டைக்கு அடுத்த திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்தவர். 1928-இல் கண்ட இராமன் விளைவைப் பேசும் அளவுக்கு இந்த முதற் கட்டுரையை நாம் பேசுவதில்லை.

பட்டைகள் எப்படித் தோன்றுகின்றன? கதவுக்குப் பின்னால் நிற்பவரின் குரல் கேட்கிறது, ஆள் தெரிவதில்லை. ஒலி வளையும், ஒளி வளையாது என்பதல்ல காரணம். பேச்சொலியின் அலைநீளம் ஒரு மீட்டர் அளவினது. கதவும் ஏறக்குறைய அவ்வளவு அகலமே. சோடிய ஒளியின் அலைநீளமோ 5893 ஆங்ஸ்ட்ராம், அதாவது 0.00059 மி.மீ. தான்! திறப்பு மிகக் குறுகினால்தான் ஒளி வளைவது நமக்குப் புலப்படும். அதுவே விளிம்பு விளைவு.

முப்பட்டகத்தில் குறுகிய திறப்பு ஏது? முகத்தின் அகலம் 30 மி.மீ. என்போம். படுகோணம் 89.5° ஆனால், வரும் ஒளிக்கு அம்முகம் காட்டும் அகலம் கால் மில்லிமீட்டர்தான். திறந்த கதவை விளிம்புப் பக்கமாகப் பார்ப்பது போல.

முகத்தின் இரு விளிம்புகளிலிருந்து வரும் அலைகளின் பாதை வேறுபாடு சரியாக ஓர் அலைநீளம் ஆகும் திசையை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தை மனத்தில் இரு பாதிகளாகப் பிரியுங்கள். ஒரு பாதியின் ஒவ்வொரு புள்ளிக்கும் மறுபாதியில் அரை அலைநீளம் வேறுபடும் இணைப்புள்ளி உண்டு. ஒன்றன் முகடும் மற்றதன் அகடும் சேர்ந்து அழிகின்றன. ஒளியுடன் ஒளி சேர்ந்து இருள்! ஒளி வெறும் குண்டுமணிகளாக இருந்தால், மணியுடன் மணி சேர்ந்து ஒன்றுமில்லாமற் போகுமா? (ஒளிக்குத் துகள் இயல்பும் உண்டு, அது தனிக் கதை.)

இனி, ஒருபுறம் அகல்வதற்கு வருவோம். பாதை வேறுபாடு என்பது முக அகலத்தை, படுகோணத்தின் சைனுக்கும் நாம் பார்க்கும் கோணத்தின் சைனுக்கும் உள்ள வேறுபாட்டால் பெருக்கியது. சைன் அட்டவணையைப் புரட்டுங்கள். 0°-யிலிருந்து 10°-க்குள் சைன் 0.174 கூடுகிறது, 80°-யிலிருந்து 90°-க்குள் 0.015 மட்டுமே. ஆகவே 90°-ஐ நெருங்க நெருங்க, சைனில் அதே மாற்றம் பெறக் கோணத்தை மிகுதியாக மாற்றவேண்டும். முகத்தை ஒட்டிய பக்கத்தில் பட்டைகள் அகல்வது இதனால்தான். நம் எடுத்துக்காட்டில் முதல் இருள் அந்தப் பக்கம் சுமார் 9 நிமிடக் கோணத்திலும், மறுபக்கம் சுமார் 7 நிமிடத்திலும் விழும். உங்கள் பள்ளிக் கருவியின் வெர்னியர் 1 நிமிடம் வரை காட்டும், பிறகென்ன தயக்கம்?

ஆசிரியரிடம் கேட்டுச் செய்து பாருங்கள். இணையாக்கியின் பிளவை மிகவும் குறுக்கி வைக்கவேண்டும். இல்லாவிட்டால் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மறைந்துவிடும். முப்பட்டக மேசையையும் மயிரிழை மயிரிழையாகத்தான் திருப்பவேண்டும். நேரே வரும் ஒளியின் பிம்பம் 1° தள்ளிப் பக்கத்திலேயே பளிச்சென்று நிற்கும்; அதை எதிரொளித்த பிம்பமென்று எண்ணிவிடாதீர்கள்.