தட்டணுக்கள் குறையும்போது

மழைக்காலம் முடியும் தறுவாயில் வட இந்திய நகரங்களிலும், வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பின்னர்த் தமிழகத்திலும், காய்ச்சல் கண்ட வீடுகளில் ஓர் எண்ணைப் பற்றியே பேச்சு நடக்கும். நேற்று எண்பதாயிரம், இன்று காலை ஐம்பத்திரண்டாயிரம், மாலையில் எவ்வளவோ என்று உறவினர்கள் கவலையுடன் காத்திருப்பர். பப்பாளி இலை தேடி ஒருவரும், கிவிப் பழம் வாங்க இன்னொருவரும் ஓடுவர். வங்கிக் கணக்கின் இருப்பைப் பார்ப்பதுபோல் இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்கப் பழகிவிட்டோம். இருப்பு ஏன் குறைந்தது, நோயாளியின் உடலில் என்ன அறிகுறிகள் தென்படுகின்றன என்ற இரண்டு கேள்விகளையும் அந்தப் பரபரப்பில் மறந்துவிடுகிறோம்.

மக்கள் வழக்கில் பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள், எலும்பு மஜ்ஜையில் உள்ள பெரிய செல்களிலிருந்து பிரிந்து வரும் நுண்துணுக்குகள். இரத்தக் குழாயில் சிறு விரிசல் கண்டாலும் அங்கே ஒட்டிக்கொண்டு அடைப்பாக நின்று, இரத்தம் வெளியேறாமல் தடுக்கின்றன. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை இருப்பது இயல்பு. ஒவ்வொன்றின் ஆயுளும் ஏறத்தாழ 7 முதல் 10 நாள்களே. ஆகவே மஜ்ஜையில் உற்பத்தி குன்றினாலும், உண்டானவை விரைந்து அழிந்தாலும், வீங்கிய மண்ணீரல் அவற்றைத் தன்னிடமே தேக்கிக்கொண்டாலும் எண்ணிக்கை சரியும். டெங்கு, மலேரியா, கல்லீரல் நோய், மதுப்பழக்கம், வைட்டமின் பி12 குறைபாடு, சில மருந்துகளின் விளைவு, உடலின் எதிர்ப்பாற்றலே தட்டணுக்களைத் தாக்கும் நிலை, அரிதாக மஜ்ஜையைப் பற்றிய புற்றுநோய் எனக் காரணங்கள் பல. இவை அனைத்திற்கும் ஒரே உணவுப் பட்டியல் மருந்தாகும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது.

எண்ணே பிழையாக வருவதும் உண்டு. ஆய்வுக்கூடக் குழாயில் உள்ள இரத்தம் உறையாமல் தடுக்கும் வேதிப்பொருளால், சிலருடைய தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. எண்ணும் கருவி திரளைத் தனித்தனியாக எண்ணாது. மேற்கு வங்கத்தைச் சேர்ந்த நலமான இரத்தக் கொடையாளர்கள் பலருக்கு எண்ணிக்கை குறைவாக இருந்ததை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஆராய்ந்து 2002-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்களுடைய தட்டணுக்கள் இயல்பைவிடப் பருமனானவை. இரத்தக்கசிவுத் தொல்லை ஏதும் இல்லை. எனவே காய்ச்சலோ கசிவோ இல்லாத ஒருவருக்கு எதிர்பாராமல் குறைந்த எண் வந்தால், நுண்ணோக்கியில் இரத்தப் பூச்சுப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. நலமாக இருப்பவர் அந்த ஒரு தாளைப் பார்த்து உறக்கம் இழக்க வேண்டியதில்லை.

டெங்குவில் நிலைமை வேறு. காய்ச்சல் தணிந்ததும் வீட்டார் நிம்மதி அடைவர். ஆனால் நோயின் 3-ஆம் நாள் முதல் 7-ஆம் நாள் வரை, காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர்மம் கசியும் அபாயம் மிகுதி. தட்டணுக் குறைவைவிட இந்தக் கசிவே பலரை ஆபத்துக்குள்ளாக்குகிறது. ஆகையால் அந்நாள்களில் உணவின் முதல் நோக்கம் நீர்ச்சத்தைக் காப்பதே. அரிசிக் கஞ்சி, நீர்மோர், உப்புச் சர்க்கரைக் கரைசல், இளநீர், பருப்புத் தண்ணீர் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுக்கலாம். வெறும் தண்ணீர் மட்டும் போதாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இனிப்புச் சாறுகளும், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இளநீரும் மருத்துவரைக் கேட்டே கொடுக்கப்பட வேண்டும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம், கை கால் சில்லிடுதல், மயக்கம், 4 முதல் 6 மணி நேரம் சிறுநீர் கழியாமை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் மறுநாள் பரிசோதனைக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அன்போடு கொடுக்கும் பீட்ரூட், மாதுளைச் சாறுகளைப் பற்றி ஒரு சொல். அவை தீங்கானவை அல்ல. ஆயினும் வாந்தியிலோ மலத்திலோ சிவப்பு தெரிந்தால் அது சாறா, இரத்தமா என்று மருத்துவர் குழம்ப நேரும். கடுமையான நாள்களில் அடர்நிறப் பானங்களைத் தள்ளிவைப்பது எளிது. பப்பாளி இலைச்சாற்றால் எண்ணிக்கை சற்று விரைவாக ஏறியதாகச் சில சிறு ஆய்வுகள் கூறுகின்றன. உயிர் காக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. டெங்குவிலிருந்து மீளும்போது தட்டணுக்கள் தாமாகவே ஏறும் என்பதால், கடைசியாகக் குடித்த சாற்றுக்கே பெருமை சேர்ந்துவிடுகிறது. கசப்பும் குமட்டலும் மிகுந்த அந்தச் சாற்றால் நோயாளி கஞ்சியையும் குடிக்க மறுப்பாரானால் இழப்பே மிஞ்சும்.

நெடுநாள் குறைவுக்கு உணவு உண்மையாகவே கைகொடுப்பது, குறைபாடே காரணமாக இருக்கும்போதுதான். வைட்டமின் பி12 பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில்தான் கிடைக்கிறது; பாலும் குறைவாக உண்ணும் சைவ உணவினருக்கும், முதியோர்க்கும் பற்றாக்குறை எளிதில் வரும். ஃபோலேட் சத்துக்குக் கீரை, பயறு வகைகள், நிலக்கடலை ஆகியவை உதவும். கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துவிட்டால் அச்சத்தில் பெரும்பகுதி போய்விடும். மதுவை அறவே நிறுத்த வேண்டும். மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை, வைட்டமின் இ போன்றவை தட்டணுக்களின் செயலை மட்டுப்படுத்தக் கூடும். மருத்துவர் அறியாமல் வேண்டாம்.

எல்லாவற்றினும் மேலான எச்சரிக்கை வலிநிவாரணிகளைப் பற்றியது. ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்குளோஃபெனாக் ஆகியவை எஞ்சியுள்ள தட்டணுக்களின் செயலையும் முடக்கி, இரைப்பையையும் புண்ணாக்கும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். அதுவும் உரிய அளவில். அதே வேளையில், இதய நோய்க்காக ஆஸ்பிரினோ குளோப்பிடோகிரெலோ உட்கொள்வோர் தாமாக அதை நிறுத்திவிடக் கூடாது. அந்த முடிவை மருத்துவரே எடுக்க வேண்டும். தசையில் போடும் ஊசியையும் இயன்றவரை தவிர்ப்பது நல்லது.

எண்ணிக்கை 50,000-க்கு மேல் இருப்பவர்களில் பெரும்பாலோர் வழக்கமான வாழ்வை நடத்தலாம். 20,000-க்குக் கீழே இறங்கினால் அடிபடாமலேயே கசிவு நேரக் கூடும் என்பதால் கவனம் தேவை. மென்மையான பல்துலக்கி நல்லது. வேப்பங்குச்சியும் பல் குத்தும் குச்சியும் வேண்டாம். சவரக்கத்திக்குப் பதிலாக மின் சவரக்கருவி பாதுகாப்பானது. முறுக்கு, சீடை, முள் நிறைந்த மீன் ஆகியவை ஈறைக் கீறும். மலச்சிக்கலில் முக்குவதும் ஆபத்தே. வாழைப்பழம், கீரை, இசப்கோல் ஆகியவை உதவும். மூக்கில் இரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிக்காமல், சற்றே முன்குனிந்து மூக்கின் மென்பகுதியை 10 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். மாதவிடாய் அளவுமீறிப் போகும் பெண்கள் அதைச் சொல்லத் தயங்கக் கூடாது. தோலில் குண்டூசி முனை அளவில், அழுத்தினாலும் மறையாத செம்புள்ளிகள் தோன்றுகின்றனவா என்று நாள்தோறும் கால்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

தட்டணுக்களை ஏற்றச் சொல்லி மருத்துவரை நெருக்குவதும் நம் நாட்டில் பெருவழக்காகிவிட்டது. இரத்தக்கசிவு இல்லாத டெங்கு நோயாளிக்கு, எண்ணிக்கை 10,000-க்குக் கீழே செல்லும்போதே முன்னெச்சரிக்கையாக ஏற்றுவதைப் பற்றித் தேசிய வழிகாட்டுதல் பேசுகிறது. தேவையின்றி ஏற்றினால் ஒவ்வாமையும் நீர்மம் மிகுதலும் நேரலாம். உண்மையில் தேவைப்படுவோர்க்கோ அது எளிதில் கிடைப்பதில்லை; 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், இடைவிடாது அசைத்துக்கொண்டே 5 நாள்களுக்குத்தான் தட்டணுக்களைச் சேமிக்க முடியும். அதனால் உறவினரையும் அலுவலக நண்பர்களையும் கொடைக்கு அழைக்க நேரிடும். அவ்வாறு செல்வோர், முந்தைய 3 நாள்களுக்குள் ஆஸ்பிரின் உட்கொண்டிருந்தால், அதை இரத்த வங்கியில் முதலிலேயே தெரிவித்துவிட வேண்டும்.