உங்களுக்குத் தெரியுமா? சளியில் ரத்தம்!

சினிமாவில் கைக்குட்டையில் ரத்தம் தெரிந்தால் அடுத்த காட்சியில் சங்குதான். விருதுநகர் பக்கம் சூலக்கரையிலோ சிவகாசியிலோ நிஜமாகவே வந்தால்? காரணங்கள் பல; அவற்றில் பலவற்றைக் குணப்படுத்தலாம்.

● நுரையீரல் ரத்தம் பெரும்பாலும் பளிச்சென்ற சிவப்பு. நுரையும் சளியும் கலந்திருக்கும். இரைப்பை ரத்தம் வாந்தியில், பலசமயம் காப்பித்தூள் நிறத்தில் வரும். மூக்கு, ஈறு ரத்தம் தொண்டையில் இறங்கியும் ஏமாற்றும்.

● நம் ஊரில் டாக்டர் முதலில் சந்தேகப்படுவது காசநோயை. அதன் கிருமியைக் கண்டறிந்ததை ராபர்ட் கோக் அறிவித்த நாள் 1882 மார்ச் 24. அதுவே இன்று உலகக் காசநோய் தினம்.

● காசநோய்க்கு சானடோரியத்தில் கிடந்தே ஆகவேண்டும் என்ற நினைப்பை உடைத்தது சென்னை. 1956-ல் அங்கே தொடங்கிய ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடி மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு பலன் கிடைக்கும் என்று 1959-ல் உலகுக்குக் காட்டியது.

● காசநோய் மாத்திரை ஆரம்பித்ததும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகலாம். அது ரத்தமல்ல, ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம். பயந்து மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

● காசநோய் குணமாகிப் பல வருடம் கழித்தும் ரத்தம் வரலாம். தழும்பேறிய மூச்சுக்குழாய் விரிந்திருக்கும். நுரையீரலில் உள்ள பழைய குழிக்குள் பூஞ்சை உருண்டு வளர்ந்திருக்கும். ‘முன்னாடி டிபி இருந்துச்சு’ என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

● வேலை பார்க்கும் இடத்தில் கந்தகம் எரிந்தால் கிளம்பும் சல்ஃபர் டை ஆக்சைடு மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். கல் உடைக்கும் இடத்துச் சிலிக்கா தூசியோ காசநோய் தொற்றும் வாய்ப்பையே கூட்டும். அதனால் ‘எல்லாம் வேலை பார்க்குற இடத்துத் தூசிதான்’ என்று பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

● குற்றவாளி நுரையீரலாகவே இருக்க வேண்டியதில்லை. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கியிருக்கலாம். கால் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலில் போய் அடைக்கலாம். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையும் காரணமாகலாம். பீடி, சிகரெட் பழக்கமுள்ளவர்களுக்குப் புற்றுநோய்ப் பரிசோதனையும் முக்கியம்.

● அதிகமாக ரத்தம் வரும்போது பெரிய ஆபத்து, மூச்சுப்பாதை அடைபடுவதுதான். எந்தப் பக்க நுரையீரல் என்று தெரிந்தால், அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். தொடை ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாய் செலுத்தி, கசியும் தமனியை அடைக்கும் சிகிச்சை உண்டு.

● இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் இலவசம். விருதுநகரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ரத்தம் ஒரு துளி தெரிந்தாலும், அந்த இரண்டு வாரக் கணக்கு வேண்டாம், அன்றைக்கே போய்விடுங்கள்.