லீவுக்கு எங்கே போகலாம்?

ஜூனில் பள்ளி திறந்ததும், “லீவுக்கு எங்கே போனீங்க?” என்று கேட்கிறோம். சில பிள்ளைகள் தலைகுனிந்து நிற்பார்கள். சென்னை ஆசிரியர்கள் ஏப்ரலிலேயே பெற்றோரிடம் சில இடங்களைச் சொல்லி வைக்கலாம்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கப்பட்டது. சோழர் காலச் செப்புத் திருமேனிகள், அமராவதிச் சிற்பங்கள், திமிங்கலத்தின் எலும்புக்கூடு எல்லாம் அங்கே உண்டு. பிள்ளைகள் திமிங்கலத்தை விட்டு நகர மாட்டார்கள், அவசரப்படுத்த வேண்டாம்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. சிறுவர் பகுதி தனியாக இருக்கிறது. மே மாத வெயிலுக்கு இதைவிட நல்ல நிழல் ஏது?

சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. 5 வயது வரை குழந்தைகளுக்கும் இல்லை. ஆகவே, பெரும்பாலும் அப்பாவுக்கும் பையன்களுக்கும்தான் டிக்கெட். புளிசாதம் கட்டிக்கொண்டால் சாப்பாட்டுச் செலவும் மிச்சம்.

வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. இதை மறக்காமல் சொல்லுங்கள்.